எந்தக் கை என்று நான் கேட்கவில்லை

எங்கள் பட்டறை மேசையின் ஓரத்தில் ஓர் அலுமினியத் தட்டு ஐந்து வருடமாக இருந்தது. சாதப் பானையை மூடுகிற சாதாரணத் தட்டுதான். அதில் ஒரு கன் கழற்றிப் போட்டபடி கிடந்தது. சுடுகிற துப்பாக்கியைச் சொல்லவில்லை. லாரி டயர் கடைகளில் டர்ர்ரென்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்களே, காற்றழுத்தத்தில் சுழன்று சக்கரத்தின் நட்டைக் கழற்றுகிற கருவி, அதைத்தான் இந்தத் தொழிலில் கன் என்கிறோம். பிடி ஒரு பக்கம், உள்ளே சுழலும் உருளை ஒரு பக்கம், பேரிங், ரப்பர் வளையங்கள், மிளகளவில் ஓர் எஃகுக் குண்டு என்று எல்லாம் கழற்றிய வரிசையிலேயே இருந்தன. தூசி படியாமல் எண்ணெய்த் துணி போர்த்தி வைத்திருந்தேன். கழற்றியவர் என் சம்பந்தி. பூட்டுவதற்கு அவர் இல்லை.

என் ஒரே பெண்ணை அவருடைய ஒரே மகனுக்குக் கொடுத்திருந்தேன். திருவிடைமருதூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஆலையை மூடியதும் வீட்டில் சும்மா உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பூதலூருக்கு வாங்க சம்பந்தி, ஸ்பேர் சாமான் எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியல, உங்க கண்ணு இருந்தா போதும்" என்று அவர்தான் கூப்பிட்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் வேலைக்கு நிற்பதா என்று என் மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கூச்சம்தான். போன பிறகு அந்தக் கூச்சத்தை அவர் எனக்கு விட்டுவைக்கவில்லை. ஆனால் அது முழுதாகப் போகவும் இல்லை என்பதைப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

பட்டறை ரயிலடிக்குப் போகிற சாலையில் இருந்தது. பழைய இரும்புக் கடைகளிலிருந்து பழுதான கன்களும் கிரைண்டர்களும் சாக்கு மூட்டையில் வந்து இறங்கும். சம்பந்தி ஒவ்வொன்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, தேய்ந்ததை மாற்றி, கம்ப்ரஸரைப் போட்டுக் காற்றுக் குழாயில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார். கசிகிற இடம் தெரிய சோப்புத் தண்ணீர் தடவிவிட்டுக் காதை ஒட்ட வைத்துக் கேட்பார். நாங்கள் சரிசெய்த கன்கள் டிராக்டர் ஷெட்டுகளுக்கும் அறுவடை மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் போகும். போகப் போக நானும் கன் ஓட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நாள் முழுக்க அதைப் பிடித்து ஓட்டினால் கை மரத்துப்போகும். சாயங்காலம் டீக்கிளாஸைப் பிடித்தால் விரலுக்குச் சூடே உறைக்காது. இந்தத் தொழிலில் யாரும் அதை நோயாக நினைப்பதில்லை. வயலில் நின்றால் காலில் சேறு ஒட்டுகிற மாதிரி, அதுபாட்டுக்கு வரும், போகும்.

நான் பயந்தாங்கொள்ளி. இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் பயப்படத் தெரிந்த நான்தான் பயப்பட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் வைத்திருந்தேன். காலையில் ஒரு தரம், சாப்பிட்ட பிறகு ஒரு தரம். பட்டறைக்குள் நான் நுழையும்போதே அவர், "சம்பந்தி, இன்னிக்கு ஸ்கோர் என்ன?" என்று கேட்பார். ஒருமுறை நெஞ்சு எரிகிறது என்று அலறியடித்துக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, சாயங்காலம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். வாழைக்காய் பஜ்ஜி, ஆறு. அதன் பிறகு வந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சம்பந்தி அந்தக் கதையைச் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முதல் என் பயத்துக்கு மரியாதை போய்விட்டது, என்னிடமே.

ஐந்து வருடத்துக்கு முந்தைய மார்கழியில் ஒரு நாள் முற்பகல், ஒரு கன்னை ஓட்டிப் பார்த்துக் கீழே வைத்துவிட்டு அவர் கையை உதறினார். விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். நான் பார்ப்பதைப் பார்த்து, "கன்னு அதிர்வுதான். மரத்துக் கெடக்கு" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டிய பிறகுதான் உறைத்தது. அவர் உதறியது இடது கை. கன்னைக் காலையிலிருந்து பிடித்திருந்தது வலது கை. எங்களிடம் வருகிற சின்னக் கன்களை எல்லோரும் ஒற்றைக் கையில்தான் பிடிப்பார்கள். அவருடைய இடது கை எப்போதும் இடுப்பில் இருக்கும். 'எந்தக் கை சம்பந்தி?' என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்தார். நான் ஸ்பேர் எடுத்துத் தரப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து இருவரும் அவருடைய வண்டியில் புது ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். பனி இன்னும் விலகவில்லை, எனக்குக் காதடைத்துக் குளிர்ந்தது. திடீரென்று வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வியர்த்திருந்தது. இடது கையை மடியில் போட்டு வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடலாங்க சம்பந்தி" என்றேன்.

"வாயு. பஜ்ஜி நீங்க மட்டும்தான் சாப்புடணுமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எடுப்போம். திருக்கடையூர் முடியட்டும். இப்பப் போய்ப் படுத்தா தேதி தள்ளிப்போவும். பிள்ளைங்க டிக்கெட் போட்டாச்சு. வீட்டுல மூச்சு விட்டுடாதீங்க" என்றார்.

தை மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மகனும் மருமகளும், அதாவது என் பெண்ணும், மஸ்கட்டிலிருந்து வருவதாக இருந்தது. நல்ல காரியத்துக்குத் தேதி குறித்த பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதை எங்கள் பக்கம் யாரும் விரும்பமாட்டார்கள். தலைவலி என்று சொல்வதற்குக்கூட யோசிப்பார்கள். அவரே மதகிலிருந்து எழுந்திருக்கும்போது, "எமனையே எட்டி உதைச்ச சாமிகிட்டதானே போறோம், அப்பறம் என்ன?" என்றார். அந்த வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்ததும் உண்மை.

ஆனால் நான் பேசாமல் இருந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. பெண்ணைக் கொடுத்தவன், அவர் பட்டறையில் வேலை பார்ப்பவன், அவர் வேண்டாம் என்றதை மீறி அவர் வீட்டில் போய்ப் போட்டு உடைப்பதா என்ற கூச்சம் ஒன்று. இன்னொன்றைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு நா கூசுகிறது. என் பெண்ணைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பேத்தியைக் கையில் வாங்கியதே இல்லை. தேதி தள்ளிப்போனால் அவர்கள் வரவும் தள்ளிப்போகும். சம்பந்தி சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு மாதம் என் பிரஷர் மெஷினைத் தொடவில்லை. அது என்ன காட்டும் என்று தெரிந்தேயிருந்தது.

திருக்கடையூரில் அன்று ஏகப்பட்ட கூட்டம். எங்கே திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக அறுபது வயது மாப்பிள்ளைகள். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றியபோது சம்பந்தி உதடு நீலம் பாரிக்க நடுங்கினார். பேத்தி என் தோளில் இருந்தாள். அவளுடைய எடை ஒரு பக்கம் எனக்கு ஆனந்தமாக இருந்தது, மறுபக்கம் என் கண் அவருடைய இடது கையை விட்டு நகரவில்லை. தாலி கட்டும் நேரம் வந்தது. முதல் முடிச்சைப் போட முடியவில்லை. வலது கை மஞ்சள் கயிற்றை வளைத்துக் கொடுக்கிறது, இடது கை விரல்கள் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கின்றன. கயிறு இரண்டு முறை நழுவியது. "புது மாப்பிள்ளைக்கு வெக்கம் வந்துடுச்சுப்பா!" என்று யாரோ கத்த, மொத்தக் கூட்டமும் சிரித்தது. சம்பந்தியம்மாள் தலை குனிந்து சிரித்தார். சம்பந்தியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயம். அதுவரை நான் அவரிடம் பயத்தைப் பார்த்ததில்லை. மூன்றாவது முறை முடிச்சு விழுந்தது. எல்லோரும் அட்சதை போட்டார்கள், என் கையிலிருந்த அட்சதை வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது.

மறுநாளே ஆஸ்பத்திரி போகலாம் என்றேன். பிள்ளைகள் ஊரில் இருக்கும்வரை வேண்டாம், நாலு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் காலை பட்டறையில், "இந்த ஒண்ணை முடிச்சுட்டு மத்தியானம் போவோம் சம்பந்தி" என்று அவரே சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அவர் அந்தக் கன்னைக் கழற்ற ஆரம்பித்தார். சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். அந்த மிளகளவு குண்டு அவர் இடது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து ஓடியது. "கொஞ்சம் பாருங்க சம்பந்தி, மேசைக்கடியில ஓடிடுச்சு" என்றார். நான் குனிந்து, மண்டிபோட்டு, இரும்புத்தூளுக்கு நடுவே தடவினேன். கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், "ஆம்புட்டுடுச்சு!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். அவர் மேசைமேல் சாய்ந்திருந்தார். கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். அப்படியே என்மேல் சரிந்தார்.

பக்கத்துக் கடைக்காரர் காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். எதிரே ஓர் அறுவடை மெஷின் மீதிச் சாலையை அடைத்துக்கொண்டு அசைந்து அசைந்து வந்தது. காரை நெல்லின் மேலேயே ஏற்றச் சொல்லிக் கத்தினேன். அவர் தலை என் மடியில் இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க மூக்கருகே விரலை வைப்பேன், என் விரல் ஆடுகிற ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். டாக்டர் வெளியே வந்து, "இதுக்கு முன்னாடி ஏதாவது தொந்தரவு சொன்னாரா?" என்று கேட்டார்.

"கை மரத்துப்போவுதும்பாரு சார். கன்னு வேலைல எல்லாருக்கும் வர்றதுதான்னு சொல்லுவாரு" என்றார் சம்பந்தியம்மாள்.

டாக்டர் என் எண்ணெய்ச் சட்டையைப் பார்த்தார். "நீங்களும் அதே வேலையா? உங்களுக்கும் அப்படி வருமா?"

"வரும் சார்" என்றேன். பொய்யில்லை, எனக்கும் வரும். வலது கையில். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மஸ்கட் போய் இறங்கிய மகன் அடுத்த விமானம் பிடித்துத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மாப்பிள்ளை பிறகு மஸ்கட் வேலையை விட்டுவிட்டு வந்து பட்டறையை எடுத்துக்கொண்டார். ஐந்து வருடமாக அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். "அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாமா" என்று எப்போதாவது சொல்வார். அப்போதெல்லாம் நான் ஸ்பேர் பெட்டியைத் திறந்து எதையாவது தேடுவேன். செத்துப்போவோம் என்ற பயத்தோடு வாழப் பழகியவன் நான். அதைவிடப் பெரிய பயம், இவர் ஒருநாள் நேராகக் கேட்டுவிடுவாரோ என்பது.

போன வாரம் காலையில் பட்டறையைத் திறந்ததும் ஏனோ அந்தத் தட்டை இழுத்து, துணியை எடுத்துவிட்டு, கன்னைப் பூட்ட உட்கார்ந்தேன். உருளை உட்கார்ந்தது. ரப்பர் வளையங்கள் காய்ந்துபோயிருந்தன, புதிதாகப் போட்டேன். குண்டை இடது கையில் எடுத்தேன். எடுத்தேன் என்று நினைத்தேன். அது கையில் இருப்பதே தெரியவில்லை. தரையில் விழுந்து ஓடுகிற சத்தம் கேட்டுத்தான் விரலைப் பார்த்தேன்.

"என்ன மாமா, கைல?" என்றார் மாப்பிள்ளை.

"கன்னு அதிர்வு மாப்ள. மரத்துக் கெடக்கு" என்றேன். வாய் தானாகச் சொன்னது. அதே வார்த்தை, அதே குரலில்.

"விடுங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று அவர் மேசைக்கடியில் குனியப் போனார். எட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "குனியாதீங்க மாப்ள. குனியாதீங்க."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த கம்ப்ரஸரைப் பார்த்தார். "இன்னிக்குக் கம்ப்ரஸரே இன்னும் போடலையே மாமா" என்றார் மெதுவாக. "எந்தக் கை?"

ஐந்து வருடத்துக்கு முன் என் தொண்டையில் நின்றுபோன கேள்வி. இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அப்பாவுக்கும் இந்தக் கைதான் மாப்ள" என்றேன். "எனக்குத் தெரியும். அறுபதாம் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

அவர் என் இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார், எவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மற்றொரு கையால் வண்டிச் சாவியை எடுத்தார். கன் பாதி பூட்டியபடி தட்டிலேயே கிடந்தது. குண்டை யாரும் தேடவில்லை.