ரூபிகாவை விசாரித்த குடைக்கார அம்மா

ரூபிகாவின் விசிட்டிங் கார்டில் 'தனியார் புலனாய்வாளர்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை வாங்கிப் பார்க்கிற எங்கள் கொழும்பு வெள்ளவத்தைச் சனம், "ஓ, கலியாண விசாரிப்போ" என்று கேட்டுவிட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொள்ளும். அவளுக்கு முகம் கொஞ்சம் சுருங்கும். ஆனால் மறுக்க முடியாது. கொலை, கொள்ளை என்று ஒருவரும் அவளிடம் வந்ததில்லை. ரொறொன்ரோவில் ஒரு தாய் மகளுக்கு வரன் பார்க்கிறாள், பையன் இங்கே பாமன்கடைப் பக்கம் இருக்கிறான் என்றால், முதலில் சாத்திரி சாதகத்தைப் பார்ப்பார். அடுத்து ரூபிகா பையனைப் பார்ப்பாள். குடிக்கிறானா, சொன்ன வேலை உண்மையில் இருக்கிறதா, ஏற்கெனவே எங்காவது பதிவுத் திருமணம் முடித்துவிட்டு மறைக்கிறானா, எல்லாம் அவள் வாயிலிருந்துதான் கனடாவுக்குப் போகும்.

அவள் கேமராவோடு மரத்தில் ஏறுகிற ஆள் இல்லை. ஒரு பையில் நாலு கத்தரிக்காயோடு பையன் இருக்கும் தெரு ஒழுங்கைக்குள் போய், அயலட்டையோடு கதை கொடுப்பாள். அவ்வளவுதான் வித்தை. நல்ல பிள்ளை என்றால் அயலவர் வாய் ஓயாது. அவனுக்கு எத்தனை மாதத்தில் பல் முளைத்தது என்பது வரை வரும். ஏதும் கோளாறு இருந்தால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பிள்ளையின் கல்யாணத்தைக் குழப்பிய பாவம் நமக்கு எதற்கு என்று பயம். பொய் சொல்லவும் மனம் வராது. அதனால், "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். இரண்டு மூன்று வீட்டில் அப்படிக் கதவு சாத்தினால் ரூபிகா அன்றைக்கே கனடாவுக்கு ஃபோன் எடுத்து, "விடுங்கோ, சரிவராது" என்பாள். அவள் அப்படிச் சொன்னது ஒருமுறைகூடப் பிழையானதில்லை என்று பெயர்.

நான் இருப்பதும் அவளுடைய ஃபிளாட் கட்டடத்தில்தான், அவளுக்கு இரண்டு மாடி மேலே. ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்: ரூபிகாவை எல்லாருக்கும் தேவை, ஒருவருக்கும் வேண்டாம். அவளை ஒரு தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் யாருடைய சட்டை தொங்குகிறது என்று பார்த்துவிடுவாளே என்று எங்களுக்குப் பயம். வயது நாற்பத்தேழு. தாயும் செத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பொருத்தம் பார்த்துக் கொடுத்தவளுக்கு ஒருவரும் பார்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பின்னேரம் கடற்கரைப் பக்கம் ரயில் பாதையோரமாக நடந்துவிட்டு வந்து, தன் கதவைத் தானே திறந்து, தானே பூட்டிக்கொள்வாள். தனிமைதான். அதற்கு வேறு பெயர் தேடத் தேவையில்லை.

இந்தக் கதை நடந்தது ஆடி மாதம். ஆடியில் எங்கள் ஆட்கள் நல்ல காரியம் பேச மாட்டார்கள், அதனால் ரூபிகாவுக்கும் தொழில் படுத்துவிடும். அப்படி ஒரு நாளில் எங்கள் ஃபிளாட்டின் காவலாளி காளியப்பன் அவளை வாசல் கேட்டருகே மறித்தான்.

"மிஸ், ஒரு அம்மா கொடையப் புடிச்சிக்கிட்டு வந்தாங்க. நீங்க யாரோட இருக்கீங்க, ஒங்க வீட்டுக்கு யாரு வந்து போறாங்கன்னெல்லாம் கேட்டாங்க."

"நீர் என்ன சொன்னீர்?"

"யாரும் வரமாட்டாங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள வாட்டர் போர்ட்காரன் வந்துட்டான்."

மறுநாள் ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹமீமாவும் அதையே சொன்னாள். குடை பிடித்த ஓர் அம்மா, ரூபிகா கோபக்காரியா, நேரத்துக்கு வீடு வருகிறாளா என்று விசாரித்தாராம்.

வேறு எவளாவது என்றால் கேள்விகளை வைத்தே விஷயத்தைப் பிடித்திருப்பாள். ஆனால் ரூபிகாவுக்குத் தொழில்மூளை குறுக்கே வந்துவிட்டது. ஆடியில் யார் கல்யாணத்துக்கு விசாரிப்பார்கள்? ஆகவே இது பகை. பகை என்றால் இரத்மலானைக் கஜீவன்தான். ஒரே நேரத்தில் லண்டனிலும் சுவிஸிலும் இரண்டு பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்த அந்த மாப்பிள்ளையை ரூபிகாதான் பிடித்துக் கொடுத்தாள். அவன் ஃபோனில், "உங்களையும் ஒருநாள் விசாரிக்க ஆள் வரும், பாருங்கோ" என்று கறுவியிருந்தான். இப்போது தன் பெயரைக் கெடுக்க ஆள் அனுப்பியிருக்கிறான். பெயர் போனால் தொழில் போகும். தொழிலும் போனால் அவளுக்கு அந்தப் பூட்டிய வீட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

உடனே ஒழுங்கை முழுவதும் கட்டளை போனது. எங்கள் வாசலுக்கும் வந்தாள். அவள் அங்கே வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அக்கா, ஒரு உதவி. ஆரும் வந்து என்னைப்பற்றிக் கேட்டா, தெரியாது எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்காதேங்கோ."

நாங்களும் விசுவாசமாகச் சொன்னோம். காளியப்பன் சொன்னான். ஹமீமா சொன்னாள். மீன் கொண்டுவருகிற சிங்களப் பொடியன்கூடத் தன் பாஷையில் "தன்னே நே", தெரியாது, என்று தலையாட்டினானாம். அந்த அம்மா எங்கள் கதவையும் தட்டினார். வெள்ளைச் சேலை, வியர்த்துப்போன நெற்றி, கையில் நீலக் குடை. தெரியாது என்றேன். கதவைச் சாத்திய பிறகுதான் யோசித்தேன், நான் சொன்னதில் ஒரு துளியும் பொய் இல்லை. ரூபிகாவுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போட வேண்டுமா வேண்டாமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இதற்குப் பின்னால் நடந்ததெல்லாம் ரூபிகாவே பிறகு சொன்னது.

குடைக்கார அம்மாவைக் கையும் மெய்யுமாகப் பிடிப்பது என்று அவள் வேஷம் போட்டாள். கொரோனாக் காலத்து முகக்கவசம் ஒன்று, கறுப்புக் கண்ணாடி ஒன்று, தலையில் ஒரு தொப்பி. பெருந்தெருவான காலி வீதியில் செவ்விளநீர் விற்கிறவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அரை மணித்தியாலத்தில் அந்த அம்மா வந்தார், ஓர் இளநீர் வாங்கிக் குடித்தார், வாயைத் துடைத்தார், நேரே ரூபிகாவிடமே திரும்பினார்.

"தங்கச்சி, இஞ்சை பக்கத்து ஃபிளாட்டிலை ரூபிகா எண்டு ஒராள் இருக்கிறாவாம். உமக்குத் தெரியுமோ?"

 ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பதிலே ரூபிகாவின் வாயிலும் வந்தது.

"தெரியாது."

"ஒருத்தருக்கும் தெரியாதாம்" என்று அந்த அம்மா பெருமூச்சு விட்டு, பஸ் தரிப்புக்கு நடந்தார். ரூபிகா பின்னால் போனாள். பின்தொடரும்போது பத்தடி விட்டு வர வேண்டும், எதிராளி திரும்பினால் கடைக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அவள் தனக்கு விதி வைத்திருந்தாள். பஸ்ஸில் ஏறியதும் எல்லாம் பறந்தது. "நீரும் இந்தப் பக்கமோ? வாரும், இதிலை இரும்" என்று அந்த அம்மா பக்கத்துச் சீட்டைத் தட்டிக் காட்டிவிட்டார். ஆளைப் பிடிக்க வந்தவள் ஆளுக்குப் பக்கத்திலேயே குந்தினாள். அவர் கொடுத்த இஞ்சி டொஃபியை முகக்கவசத்தைக் கொஞ்சமாகத் தூக்கி வாய்க்குள் போட்டாள்.

கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் அந்த அம்மா நித்திரையாகிவிட்டார். தலை மெல்லச் சரிந்து ரூபிகாவின் தோளில் வந்து விழுந்தது. கைப்பை அவர் மடியில் திறந்தபடி கிடந்தது. நல்ல துப்பறிகிறவள் என்றால் உள்ளே எட்டிப் பார்த்திருப்பாள். ரூபிகா பார்க்கவில்லை. அம்மா செத்த பிறகு தன் தோளில் ஒருவரும் சாய்ந்ததில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் குலுங்கி அந்தத் தலை விலகிவிடக் கூடாதே என்று புறக்கோட்டை வரும்வரை ஆடாமல் அசையாமல் இருந்தாளாம். இதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

புறக்கோட்டையில் அவர் மாறி ஏறிய பஸ்ஸில் தானும் பின்கதவால் ஏறி, கொட்டாஞ்சேனையில் இறங்கி, அந்த அம்மா ஒரு கடைக்கு மேலேயுள்ள வீட்டுக்குப் படியேறுவதைப் பார்த்தாள். இனி அவளுடைய சொந்த ஆட்டம். கீழே வாளி, தரை கூட்டும் தும்புத்தடி விற்கும் ஷிப்லி என்பவரிடம் ஒரு தும்புத்தடியை விலை கேட்டபடி, மேல்வீட்டு அம்மா யார் என்று விசாரித்தாள்.

"இரத்தினம்மா டீச்சரா? தங்கமான மனிசி" என்றார் ஷிப்லி. விசாரிப்பே தேவைப்படவில்லை, தண்ணீர்க் குழாய் போலத் திறந்துகொண்டார். "பென்ஷன் எடுத்துட்டாங்க. தம்பிக்காரர் சண்முகலிங்கம் கிராண்ட்பாஸ்ல ஒரு கம்பனில கணக்கு பாக்குறார். அம்பது தாண்டிட்டு, இன்னும் கலியாணம் முடிக்கல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னுக்கு அவர்ட ஒபிஸுக்கு ஒரு பொம்புள வந்தாவாம், யாரோ ஒரு பொடியனப் பத்தி விசாரிக்க. அவட மரியாதையான பேச்சு இவருக்குப் புடிச்சிப் போச்சு. இவ்வளவு நாளும் வெக்கத்துல சொல்லாம ஈந்து, இப்பதான் டீச்சர்கிட்ட வாயத் தொறந்தார். ஆடியெண்டும் பாக்காம அவங்க போய் விசாரிச்சாங்க. வெள்ளவத்தைல."

ரூபிகா கையிலிருந்த தும்புத்தடியைத் திருப்பி வைக்க மறந்தாள்.

"பொறகு?"

"பொறகென்ன, ஒருத்தரும் வாயத் தொறக்கிறாங்க இல்லையாம். கேட்ட எடமெல்லாம் தெரியா, தெரியா எண்டு கதவச் சாத்துறாங்களாம். அப்ப என்னமோ கோளாறு ஈக்கித்தானே? இன்டைக்குக் கடைசியாப் பாக்கப் போறேன், இல்லாட்டி விட்டுடுவேன் எண்டு சொல்லிட்டுத்தான் காலையில போனாங்க. மனிசன் பாவம்."

தொழிலில் ஒருமுறைகூடப் பிழையாகாத தன் விதி தன் கழுத்தையே நெரிப்பதை, ஒரு தும்புத்தடிக் கடையில் நின்று ரூபிகா கேட்டாள். தன் வாயாலேயே எல்லாருக்கும் பூட்டுப் போட்டாள். கடைசிப் பூட்டையும் செவ்விளநீர்க்காரனுக்குப் பக்கத்தில் நின்று தானே போட்டாள். இப்படி ஒரு மடத்தனத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது. பஸ் எடுத்து வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாளாம். கால் வரவில்லை. முகக்கவசத்தைக் கழற்றினாள், படியேறினாள், கதவைத் தட்டினாள்.

"நீர் அந்த இளநீர்த் தங்கச்சியெல்லோ?" என்றார் இரத்தினம்மா.

"ஓம் அக்கா. நான்தான் ரூபிகா."

உள்ளே இருத்தி வைத்து, டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். கஜீவன் கதை, கட்டளை, வேஷம், ஒன்றும் விடாமல் அவள் சொன்னாள். டீச்சருக்கு ஓரிடத்தில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"சரி, விளங்குது. எண்டாலும் பிள்ளை, நான் தம்பிக்கு என்னத்தைச் சொல்லுறது? நீர் உம்மைப்பற்றிச் சொல்லுறதை விசாரணை எண்டு எடுக்கேலாது. உம்மை வடிவாத் தெரிஞ்ச ஒராளின்ரை பேரைச் சொல்லும். இப்பவே ஃபோனிலை கதைச்சு முடிச்சுப்போடுவம்."

நியாயமான கேள்வி. ரூபிகாவும் இதைத்தான் கேட்டிருப்பாள். ஃபோனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ரொறொன்ரோத் தாய், லண்டன் சித்தி, பாரிஸ் மாமா. எல்லாருக்கும் அவள் ஊர்க்கதை சொல்லியிருக்கிறாள், ஒருவரிடமும் தன் கதை சொன்னதில்லை. என் பெயரும் அதில் இருந்தது. என் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? தள்ளித் தள்ளிக் கடைசிப் பெயரும் போய்விட்டது.

"ஒருத்தரும் இல்லை அக்கா" என்றாள். அதோடு நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. "நான் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு அறியோணும் எண்டு வெயிலுக்குள்ளை வீடு வீடா ஏறி இறங்கினது நீங்கள் ஒராள்தான். வேறை ஒருத்தரும் இந்த உலகத்திலை என்னைப்பற்றிக் கேட்டதில்லை."

சொல்லிவிட்டு அழுதாள். முன்பின் தெரியாத வீட்டில், கையில் விலை கொடுக்காத தும்புத்தடியோடு.

 இரத்தினம்மா எழுந்து குசினிக்குள் போனார். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. சோறும் மீன்குழம்பும் போட்டுக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்து, கிராண்ட்பாஸுக்கு ஃபோன் எடுத்தார்.

"தம்பி, விசாரிச்சு முடிஞ்சுது. ஓம். பிள்ளையை எனக்குத் தெரியும். இண்டைக்குக் கொஞ்சம் வெள்ளன வீட்டை வா."