ஆள் கணக்கெடுத்த ஞாயிறு

மாலை நான்கு பத்து. மண்ணரைப் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியின் மாடிக்கு ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, மேசைமேல் திறந்து கிடந்த ஏற்றுமதி அட்டைப்பெட்டி. உள்ளே சத்தம் அணைத்த அலைபேசிகள். என்னுடையதையும் போட்டேன். கம்பெனிக்காரர் பெட்டியின் வாயை டேப்பால் ஒட்டினார்.

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை அங்கே கூடும். தையல் வரிசையில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்பது கம்பெனிக்காரரின் விதி. அதையே வட்டத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். "லைன்ல போன் பார்த்தா பீஸ் போச்சுங்க, இங்க பார்த்தா பேச்சு போச்சு" என்பார்.

அன்றைய நாவல், போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே வந்த அகதிகளைப் பற்றியது. நடக்க முடியாத தந்தையை மரத்தடியில் விட்டுவிட்டு வந்த மகளை ஓய்வுபெற்ற தலைமையாசிரியரால் மன்னிக்க முடியவில்லை. இன்னும் ஒரு நாள் நின்றிருக்கலாம் என்று வெகுநேரம் பேசினார். பிறகு ஜன்னலோரம் இருந்த பெண்ணிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

அந்தப் பெண் பெருமாநல்லூர்ப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர். சிறுமியாகப் படகில் வந்தவர். அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியில் குறை பார்ப்பார்.

"நிக்கச் சொல்றது லேசுங்க சார். நின்னா சோறு ஆரு போடறது, நீங்களா?"

எல்லோரும் சிரித்தோம், தலைமையாசிரியர் உட்பட. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை நாங்கள் விடவில்லை. படகைப் பற்றி, கடலைப் பற்றி, கரையில் இறங்கிய இடத்தைப் பற்றி ஆளுக்கொன்று கேட்டோம். ஓரிரு சொற்களில் பதில் சொன்னார்.

ஐந்தேகாலுக்குப் பெட்டியைப் பிரித்தபோது அவருடைய அலைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. அழைத்தவர் முகாமில் பக்கத்து அறைப் பெண். அதிகாரிகள் ஆள் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள். முன்னால் சொல்லாமல்தான் வருவார்கள். போன முறை வந்தபோது இவர் இரவு வேலையில் இருந்தார். மறுபடியும் ஆள் இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். பெயர் போனால் முகாமில் இருக்க உரிமை இல்லை. வெளியே இருக்க அனுமதியும் இல்லை.

"மறிச்சு வையடி, வந்திட்டன்" என்றார் போனில். அவர் பிறந்த ஊர்ப் பேச்சை அன்றுதான் கேட்டேன்.

என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். பாதி வழியில் துணி ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்து நின்றது. அவர் இறங்கி ஓடி டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டார். வடநாட்டுக்காரர், என்னவென்று புரியாமல் அவரும் கும்பிட்டார்.

முகாமில் அதிகாரிகளின் ஜீப் இல்லை. பிளஸ் டூ படிக்கும் அவருடைய மகள் வாசலில் நின்றாள். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். எந்தக் கடை என்று கேட்டார்களாம்.

மெயின் ரோட்டு டீக்கடை முன் ஜீப் நின்றிருந்தது. அவர் ஓட, நான் பின்னால் போனேன். அதிகாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"இதா நிக்கறேனுங்க. என்னையப் பாத்துக்குங்க."

"பாக்கறேனுங்கம்மா. பாத்தது டீக்கடையில. நான் எழுதறது ஊட்டுல இருந்தவங்கள."

கூட்டத்தில்தான் இருந்தார் என்று நான் சொன்னேன். கம்பெனிக்காரரைப் போனில் பேச வைத்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என்ன கூட்டம் என்றார். நாவல் என்றேன். எதைப் பற்றிய நாவல் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

அந்தப் பெண் ஜீப்பின் பக்கக் கம்பியைப் பிடித்தபடி சாமி, சாமி என்று கூடவே நடந்தார். வேகம் கூடியதும் கை விட்டுப்போனது.

அடுத்த மாத முகாம் பதிவேட்டில் மகள் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை.