கரும்பு வண்டி வரிசையில் ஏழாவது பாட்டு

அமெரிக்காவில் நாட்டுப்புற மெட்டையும் பாப் இசையையும் கலந்து பாடும் ஒரு பாடகியைப் பற்றி நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு வண்டிக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், நான் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, எனக்குச் சொல்லியாக வேண்டும்.

கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார் நான். என் அக்காவை நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். அக்கா வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு டிராக்டரும் உண்டு. தன் கரும்பையும் ஊரார் கரும்பையும் ஆலைக்கு ஏற்றிப் போவார். எனக்கு அவர் மாமா. அவருடைய ஒரே மகளுக்கு நான் மாமா. அவள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி கல்லூரியில் படிக்கிறாள்.

அந்தப் பாடகி எங்கள் குடும்பத்துக்குள் வந்தது இவளால்தான். லீவுக்கு வந்தவள், பாடகியின் வீடியோக்களையெல்லாம் வரிசையாகக் கோத்த ஒரு நீளத் தொகுப்பை டிவியில் போட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். தொப்பி, பூட்ஸ், வைக்கோல் கட்டு, குதிரை, நடுநடுவே டிராக்டர். டிராக்டரைப் பார்த்ததும் மாமா நின்று, "என்னா பாட்டும்மா இது?" என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்றிருக்கிறாள். சண்டையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். ஆனால் மாமா அதை மனதில் வைத்துக்கொண்டார். அவள் சிதம்பரம் திரும்பிய பிறகு, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு அதே தொகுப்பைத் தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டார்.

கரும்பு அரைக்கும் பருவத்தில் ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். டோக்கன் வாங்கிவிட்டால், எடை மேடை ஏறும்வரை டிரைவருக்கு ஒரே வேலை, முன் வண்டி நகர்ந்தால் தானும் நகர்வது. அந்த வெற்று நேரத்தில் மாமா வீடியோ பார்க்க ஆரம்பித்தார். நாலு நாளில் முன்வண்டி, பின்வண்டிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு நான் அங்கே போனபோது, ட்ரெய்லர் நிழலில் ஆறேழு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து விவாதம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பெரிய ஆச்சரியம். என் வகுப்பில் ஒரு பாடத்தைப் பற்றி இத்தனை பேர் ஒரே சமயத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

பாட்டுகளின் பேர் அவர்களுக்குத் தெரியாது. எல்லாம் நம்பர்தான். "நாலாவது சுமார்." "பதினொண்ணு அவ டவுனுக்குப் போன பொறவு பாடுனது, அதுல ஒண்ணும் கெடயாது." மழையில் நனைந்தபடி கிடார் வாசிக்கும் ரெண்டாவது பாட்டை ஒருவர் அடியோடு நிராகரித்தார். "மரத்துல செஞ்ச சாமான மழயில வெச்சா என்னா ஆவும்? பொழப்புக்கு உண்டான பொருளு. மதிக்க வேணாமா?" ஆறாவதில் காதலன் கோபித்துக்கொண்டு பிக்கப் வண்டியில் போகிறான், பின் கதவைப் போடாமலே போகிறான். இன்னொருவருக்கு அதற்குமேல் பாட்டே பிடிக்கவில்லை. காதல் முறிந்ததைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, கதவைப் பற்றித்தான் கவலை. வெயிலுக்கு அந்தத் தொப்பி நல்லதா, தலைத்துண்டு நல்லதா என்று தனியாக ஒரு கட்சி பேசிக்கொண்டிருந்தது. துண்டில் முகமும் துடைக்கலாம் என்பதால் துண்டு ஜெயித்தது.

"கீழ என்னமோ நெறைய எழுதியிருக்கானுவளே, அது என்னா மச்சான்?" என்று மாமா போனை என்னிடம் நீட்டினார். ரசிகர்கள் எழுதிய கருத்துகள். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். ஒரு பெண் தன் கல்யாணத்தில் மூன்றாவது பாட்டுக்கு ஆடினாளாம். பாடகியின் பழைய குரல்தான் குரல், இப்போது இருப்பது குரலே இல்லை என்று ஒருவர் எழுத, அவரை நாலு பேர் திட்டியிருந்தார்கள். நாய் வருகிற பாட்டைத் தொகுப்பில் ஏன் சேர்க்கவில்லை என்று ஒருவர் மன்றாடியிருந்தார். டிரைவர்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, தீர்ப்புச் சொன்னார்கள். நாய் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே அபிப்பிராயம்: சேர்த்திருக்கத்தான் வேண்டும்.

அதன்பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்றாகிவிட்டது. இந்த மனிதர்கள் இன்றைக்கு எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பார்க்கிற ஆசை. சோறு கொண்டுபோவது ஒரு சாக்கு. அக்காவே சிரித்தாள்.

மாமாவின் பாட்டு ஏழாவது. அதில் ஒரு அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் அவருடைய சின்ன மகள் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் அவள் பெரியவளாகி, அதே வயலில் தனியாக நின்று பாடுகிறாள். அந்தப் பாட்டைப் பற்றி அப்பாவை இழந்தவர்கள் கீழே நிறைய எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். "அங்கயும் இப்டித்தானா" என்று ஒருவர் மெல்லக் கேட்டார். மாமா போனை வாங்கிக்கொண்டார். பாட்டை மறுபடி போட்டார். அது முடிந்ததும், "நாமளும் ஒண்ணு போடலாம் மச்சான். நான் சொல்றன், நீ இங்கிலீஷ்ல எழுது" என்றார்.

சொன்னார். அவர் சொன்னது இதுதான்:

"ஏழாவது பாட்டுல டிராக்டர் ஓட்றவன் ஒரு தடவகூட திரும்பிப் பாக்கல. மட்கார்டுல பொண்ணு உக்காந்துக்கினு இருக்குது. பாட்டு முழுக்க நேராவே பாத்துக்கினு போறான். பொண்ண வெச்சிக்கினு அப்டி ஓட்டக் கூடாது. நானும் அப்டி ஓட்னவன்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரே அழுகிற இடத்தில் இவர் டிரைவிங் நொட்டை சொல்கிறாரே என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் சிவப்பு மையால் பிள்ளைகளின் வாக்கியங்களை அடித்து அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? அடித்துவிட்டேன். அழகான பாடல், தமிழ்நாட்டிலிருந்து ஒரு விவசாயியின் அன்பும் வணக்கமும் என்கிற அர்த்தத்தில், இலக்கண சுத்தமாக ரெண்டு வரி எழுதிப் போட்டேன்.

"எல்லாம் போட்டியா?"

"போட்டாச்சு மாமா."

"கடைசியா சொன்னது?"

"அதுவும்தான்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பு வேறு எனக்கு. அதற்கேற்றாற்போல் அந்த ரெண்டு வரிக்கு லைக்குகள் வந்து குவிந்தன. எங்கிருந்தெல்லாமோ இதயம் அனுப்பினார்கள். விவசாயிக்கு வணக்கம் என்றார்கள். அடுத்த ஞாயிறு வரிசையில் மாமாவைப் பெரிய ஆளாக்கிவிட்டார்கள். அவர் மட்டும் என்னிடம், "அந்தத் திரும்பிப் பாக்காததப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

அதற்கடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும். எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை பேர் பாராட்டியும் திருப்தி இல்லாத மனிதர் என்று நினைத்தேன். ஏன் அந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்ற கேள்வி வரத்தான் செய்தது. ஆனால் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என் குட்டு வெளிப்படுமே.

விடைத்தாள் திருத்தும் வேலை சிதம்பரத்தில் விழுந்தது. சாயங்காலம் அக்கா மகளைக் கீழ வீதிக்கு வரச்சொல்லி, ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். இட்லியும் கொத்சும் சொன்னோம். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, அப்பா போட்டாருன்னு ஒரு கமெண்ட் இருக்குதே, அது நீங்க எழுதுனதுதான?"

"ஆமா. ஏன், நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்குது. எல்லாரும் எழுதற மாதிரியே இருக்குது." கொத்சைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "அப்பா போன் பண்ணி, 'அந்தப் பாட்டுக்குக் கீழ ஒண்ணு போட்ருக்கன், படிச்சியா'ன்னு கேட்டாரு. படிச்சேன்னேன். 'முழுசா படிச்சியா'ன்னாரு. ரெண்டு வரிதான இருக்குது, முழுசா என்னா? படிச்சேன்பா, நல்லா இருக்குதுன்னேன். 'சரிம்மா'ன்னு வெச்சிட்டாரு. அதுக்கப்புறம் சரியாவே பேச மாட்டேங்கறாரு மாமா. நான் என்னா தப்பாச் சொன்னேன்?"

கையில் எடுத்த இட்லியை அப்படியே வைத்துவிட்டேன்.

"அப்பா டிராக்டர்ல நீ மட்கார்டுல உக்காந்து போவியா, சின்ன வயசுல?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இடது கையை மேசைமேல் நீட்டினாள். முழங்கை முழுக்க நிமிரவில்லை. லேசாக வளைந்தே நின்றது. அந்தக் கை எனக்குப் புதிதில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மாடிப்படியில் விழுந்து ஒடிந்தது என்று அக்கா சொல்லியிருந்தாள். அப்போது எனக்கு தர்மபுரியில் வேலை. போனில் கேட்டு, பாவம் என்று சொல்லி, மறந்தும்விட்டேன்.

"படியில விழல மாமா. கரும்பு எறக்கிட்டு ஆலையிலேர்ந்து வரும்போது, திருப்பத்துல மட்கார்டுலேர்ந்து விழுந்துட்டேன். அப்பாவுக்குத் தெரியல. ரோட்டுல போனவங்க கத்தித்தான் நிறுத்துனாரு. ரொம்ப தூரம் போயிட்டாரு. அப்பாவ யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு அம்மாதான் எல்லார்கிட்டயும் படின்னு சொல்லிடுச்சு. சொல்லிச் சொல்லி வீட்லயே அதப் பத்திப் பேசறது நின்னுபோச்சு. அப்பா இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசுனதில்ல."

நான் அடித்துப்போட்டது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. அது டிரைவிங்கைப் பற்றிய குறையே இல்லை. இத்தனை வருஷமாக வாயில் வராத ஒன்றை, மகள் கட்டாயம் பார்ப்பாள் என்று தெரிந்த ஒரே இடத்தில் அந்த மனிதர் சொல்லிப் பார்த்திருக்கிறார். தமிழில் சொன்னால் அவள் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். இங்கிலீஷில், முகம் தெரியாத கூட்டத்துக்கு நடுவே என்றால் சொல்லிவிடலாம் என்று தோன்றியதோ என்னவோ. அவள் அதைப் படித்துவிட்டு 'நல்லா இருக்குது' என்றாள் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஓட்டலை விட்டு எழுந்து ஓடிவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

சொல்லிவிட்டேன். வரிசையில் நடந்தது, நான் மாற்றி எழுதியது, பொய் சொன்னது எல்லாவற்றையும். அவள் கோபப்படவில்லை. "அப்பா என்னா சொன்னாரோ, அத அப்டியே சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவர் பேச்சிலேயே, ஒரு சொல் விடாமல்.

"கடைசி வரிய இன்னொரு தடவ."

"நானும் அப்டி ஓட்னவன்தான்."

"நீங்க ஒண்ணும் சேக்கலியே மாமா?"

நியாயமான கேள்வி. "இல்லம்மா" என்றேன். நம்புவாளா என்று பயமாக இருந்தது. நம்பினாள்.

போனை எடுத்து அங்கேயே அப்பாவைக் கூப்பிட்டாள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் தோசைக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "அப்பா, அன்னிக்கு நான் அவசரத்துல சரியா படிக்கல. இப்பத்தான் முழுசா படிச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். மறுபடி "ம்". "வலியெல்லாம் இல்லப்பா. எப்பவோ போயிடுச்சு." அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசிக்கொண்டே இருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. அவ்வளவு நேரம் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

அவள் போனை வைத்த பிறகு கேட்டேன். "நான்தான் மாத்திப் போட்டேன்னு சொல்லியிருக்கலாமே. தப்பு என்னுதுதான? இன்னிக்கே நான் போயி அவருகிட்ட ஒத்துக்கறேன்."

"வேணாம் மாமா" என்றாள். "அவரு சொல்லிட்டதா நெனச்சிக்கினு இருக்காரு. சொல்லலன்னு தெரிஞ்சா, இன்னொரு தடவ அவரால சொல்ல முடியாது."