சுற்றிப் பார்க்க வந்தவர்

கொக்குவில் சிவபாதசுந்தரத்தாருக்குக் கொழும்பைச் சுற்றிப் பார்க்கிற ஆசை ஒரு மண்ணும் இருந்ததில்லை. மனுஷன் ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர். பெண்சாதி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். கனடாவில் இருக்கிற ஒரே மகளுக்கு வருகிற மாதம் கலியாணம். தாரைவார்த்துக் கொடுக்க இவரை விட்டால் ஆளில்லை. விசா நேர்முகத்துக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லித் தூதரகம் கடிதம் போட்டிருந்தது. அதற்காகத்தான் சண்டை நடந்த தொண்ணூற்றெட்டில் கப்பலும் பஸ்ஸும் மாறி வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் வந்து விழுந்தார்.

வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும், வந்த காரணமும் எழுத வேண்டும். எழுதப்போனவரின் கையை லொட்ஜ் மனேஜர் மஜீட் எட்டிப் பிடித்தார்.

"வெளிநாடு கிளிநாடு எண்டு எழுதிராதீங்க அய்யா. களவா ஆள் அனுப்புற ஏஜென்சிக் கேஸ் எண்டு உள்ளுக்குப் போட்டுருவாங்க. ஊர் சுத்திப் பாக்க எண்டு எழுதுங்க. எல்லாரும் அதத்தான் எழுதுற."

குண்டு வெடிக்கிற ஊருக்கு உல்லாசப் பயணம்! அதையும் பொலிஸ் வாங்கிப் பதிந்துகொண்டது. எழுதிக் கொடுத்த மனுஷனோ சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து ஒரு கிழமையாக அறைக்கு வெளியே தலைகாட்டவில்லை.

புதன்கிழமை காலை லொட்ஜைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்ரர் பதிவைப் பார்த்தார்.

"என்னென்ன பார்த்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். தெற்கில் பதினாறு வருஷம் தபால் கந்தோரில் குப்பை கொட்டியவருக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு.

"இனித்தான் ஐயா."

"நாளைப் பின்னேரம் ஸ்ரேசனுக்கு வந்து சொல்லு. இல்லையென்றால் பொய் எழுதினதற்கு உள்ளே போடுவேன்."

பிறகென்ன, ஓட்டந்தான்! மியூசியத்தில் கண்டி ராசாவின் சிம்மாசனம். களனி விகாரையில் சுவர்ச் சித்திரம். புறக்கோட்டையில் மகளுக்கு மாம்பழ நிறச் சேலை. வழி நெடுக மறிப்பு, அடையாள அட்டை. காலிமுகத்திடலில் இறால் வடையைக் கடித்தபடி நின்றவரை ஆமிக்காரன் ஒருவன் பிடித்துக்கொண்டான்.

"கடலை ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறாய்?"

"எங்கட பக்கத்தில கடலுக்குக் கிட்டப் போக விடமாட்டினம், ராசா" என்று சிங்களத்தில் அவர் சொன்னதும், அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனுஷனுக்கு ஊர் நல்லாய்ப் பிடித்துப்போயிற்று. அங்கேதான் வந்தது வினை. வியாழன் பின்னேரம் இன்ஸ்பெக்ரருக்கு முன்னால் அரை மணித்தியாலம் அளந்து தள்ளினார். சிம்மாசனத்தின் சிங்கத்தைக்கூட விடவில்லை. இன்ஸ்பெக்ரர் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சபாஷ்! அப்படியென்றால் வந்த அலுவல் முடிந்தது. நாளைக் காலையிலேயே ஊருக்குப் போகலாம்."

பதிவை முடித்துவைக்க முத்திரைக் கட்டை மேலே எழும்பியது. சிவபாதசுந்தரத்தாருக்கு நாளை ஒன்பது மணிக்கல்லவா நேர்முகம்! நேர்முகம் என்று வாய் திறந்தால், பதிந்தது பொய்யாகிவிடும்.

"ஐயா, மிருகக்காட்சிச்சாலை! தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை இன்னும் பார்க்கவில்லை!"

இன்ஸ்பெக்ரருக்கு மனமிளகிவிட்டது. தன் தகப்பனுக்கும் இதே வயதென்றார். கிழவன் தனியே போனால் சந்திக்குச் சந்தி மறிப்பார்களே என்று இரக்கப்பட்டார்.

"நாளை முழுக்க நில்லு. காலை எட்டு மணிக்கு லொட்ஜுக்கு ஜீப் வரும். எங்கள் கொன்ஸ்ரபிளும் கூட வந்து எல்லாவற்றையும் காட்டுவான்."

வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது? கும்பிட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் குரங்குக் கூட்டுக்கு முன்னால் நின்றார். தூதரகத்தில் அந்நேரம் அவருடைய பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். மணவறையில் தகப்பனில்லாமல் நிற்கப்போகிற மகளை நினைத்ததும், அடக்கமாட்டாமல் விம்மி அழுதார். கொன்ஸ்ரபிள் பதறிப்போனான். ஓடிப்போய் ஐஸ்கிரீம் ஒன்று வாங்கிவந்து அவர் கையில் திணித்தான்.

"அழவேண்டாம் மாமே. யானை ஆட்டம் பின்னேரந்தான். அதையும் பார்த்துவிட்டே போவோம்."