மங்கிய கார்பன் நகல்

பரீட்சை முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களை என்னால் புரிந்துகொள்ளவே முடிந்ததில்லை. மூன்று மணி நேரம் கை வலிக்க எழுதியதை யாரிடமாவது சொல்லி, "நானும் அதேதான்டி எழுதினேன்" என்று கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். டெல்லியில் பி.ஏ. வரலாறு படித்த மூன்று வருடமும் கல்லூரி நாவல் மரத்தடிதான் எங்களுக்கு இதற்கான இடம். வினாத்தாளை மடியில் விரித்து, யார் என்ன எழுதினோம் என்று ஒப்பிட்டு, ஓரத்தில் பென்சிலால் டிக் போடுவோம். டிக் போடுவது நான்தான். பென்சிலை வேறு யாராவது எடுத்தால் சண்டை வரும்.

கடைசி வருடம் நாங்கள் மூன்று பேர். என் வீடு கிட்வாய் நகரில். இன்னொருத்தி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து வருவாள். எதையும் ஒரு தடவை படித்தால் மறக்க மாட்டாள். அந்த ஒரு தடவை படிக்க வைப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். மூன்றாமவள் எங்கள் காலனியிலேயே அடுத்த பிளாக். எங்களுக்கு ஒரு வருடம் சீனியர். போன வருடம் கடைசிப் பரீட்சையில் அமெரிக்க வரலாறு பேப்பரில் மட்டும் தோற்றுவிட்டு, அதை மறுபடி எழுத எங்களோடு சேர்ந்துகொண்டாள். பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் அப்பாவோ, "இந்தத் தடவையும் போச்சுன்னா புஸ்தகத்தையெல்லாம் பழைய பேப்பர் வாங்கற கபாடிவாலாகிட்ட போட்டுட்டு டைப்ரைட்டிங் போய்ச் சேரு" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் செய்கிற மனிதர்.

மூன்று பேருக்கும் சேர்த்து நோட்ஸ் எழுதுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். என் கையெழுத்து அழகு, என் நடை அதைவிட அழகு என்று எனக்கு நினைப்பு. ஆபீசுக்கு இனி உதவாது என்று ஒதுக்கிய கார்பன் தாள்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றை வைத்து, பால் பேனாவை அழுத்திப் பிடித்து, ஒரே எழுத்தில் மூன்று பிரதி எடுப்பேன். மேல் தாள் எனக்கு, நடுத்தாள் கோல் மார்க்கெட்காரிக்கு, அடித்தாள் அந்தச் சீனியருக்கு. உள்நாட்டுப் போர் பாடத்துக்கு வருவதற்குள் கார்பன் தேய்ந்தே போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் அடித்தாளில் ஏதோ எழுதியிருப்பது தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். நடுவில் வந்து ஒட்டிக்கொண்டவள்தானே, அவளுக்கு இது போதும் என்று ஒரு திமிர். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பரீட்சை மே மாதத்தில் வந்தது. பல்கலைக்கழகத்தின் எல்லாக் கல்லூரிகளுக்கும் அன்று ஒரே வினாத்தாள், இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் அச்சடித்தது. வெளியே வந்தபோது லூ என்கிற அனல் காற்று முகத்தில் அறைந்தது. அதையெல்லாம் பொருட்படுத்தாமல் மரத்தடிக்கு ஓடினோம். முதல் நான்கு கேள்விகளுக்கும் மூன்று பேர் பதில்களும் ஒத்துப்போயின. டிக், டிக் என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாவது கேள்வி: அடிமைகள் விடுதலைப் பிரகடனம் அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்ததா? விவாதிக்கவும்.

"ஜனாதிபதி பேனாவை எடுத்தார். ஒரே ஒரு கையெழுத்து. அன்றைக்கே நாடு முழுவதும் அத்தனை அடிமைகளின் விலங்கும் உடைந்தது" என்று என் பதிலை நானே ரசித்துச் சொன்னேன்.

கோல் மார்க்கெட்காரி அதையே ஒரு வார்த்தை பிசகாமல் எழுதியிருந்தாள்.

மற்றவள் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "நான் ஒழிக்கலைன்னு எழுதிட்டேன்" என்றாள்.

"அரே, என்னடி சொல்றே?"

"எதிர்த்து சண்டை போட்ட மாநிலங்களுக்கு மட்டும்தான் அந்தப் பிரகடனம். கூடவே இருந்த சில மாநிலங்கள்லயும் அடிமைங்க இருந்தாங்க. அவங்களுக்கு அது செல்லாது. பின்னாடி அரசியல் சட்டத்தைத் திருத்தினப்பதான் முழுசா ஒழிஞ்சுதுன்னு எழுதினேன்."

"நோட்ஸ்ல அப்படியா இருந்துது?" என்று கேட்டேன்.

"உன் நோட்ஸ்ல அந்தப் பக்கமே எனக்குத் தெரியலைடி. லைப்ரரிக்குப் போனேன். இங்கிலீஷ் புஸ்தகமெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு ஹிந்தி புஸ்தகம்தான் இருந்துச்சு. அதைத்தான் ரெண்டு தடவை படிச்சேன்."

"ஹிந்தி புஸ்தகமா!" என்றேன், ஏதோ பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதிவிட்டாள் என்பதுபோல. சொல்லிவிட்டு அவள் வினாத்தாளில் ஒரு பெரிய பெருக்கல் குறியும் போட்டேன். இரண்டு பேர் பதில் ஒன்றாக இருந்தால் அதுதான் சரி என்பது எங்கள் மரத்தடிச் சட்டம். அந்த இரண்டு பேரும் ஒரே பேனாவில் எழுதிய ஒரே நோட்ஸைப் படித்தவர்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அவள் அந்தப் பெருக்கல் குறியையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "இருபது மார்க்குடி. அப்பாகிட்ட போய் என்ன சொல்வேன்?" என்றாள். நாங்கள் முதுகைத் தடவிக்கொடுத்தோம். பாதி மார்க்காவது போடுவார்கள் என்று தேற்றினோம். அந்தத் தேற்றல்தான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டு விருட்டென்று எழுந்தாள். "நான் ஒண்ணும் கனவு கண்டு எழுதலை. வாங்க, காட்டறேன்."

லைப்ரரியில் மதியச் சாப்பாட்டுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். "பையா, ரெண்டே நிமிஷம்" என்று ஹிந்தியில் அண்ணா முறை வைத்துக் கெஞ்சி உள்ளே நுழைந்தாள். நேரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து, பக்கம் தேடாமலே பிரித்து, உரக்கப் படித்தாள். அவள் எழுதியது அத்தனையும் அதில் இருந்தது. நான் விடவில்லை. யாரோ திருப்பிக் கொடுத்து மேஜைமேல் கிடந்த இங்கிலீஷ் புத்தகத்தையும் புரட்டினேன். அதிலும் அப்படியேதான் இருந்தது.

நான் எங்கிருந்து எழுதினேன்? நயீ சடக் புத்தகக் கடைத்தெருவில் வாங்கிய ஒல்லியான கைடிலிருந்து. ஜனாதிபதி பேனாவை எடுத்ததுகூட அதில் கிடையாது. அது என் சொந்தச் சரக்கு.

"நீயும் உன் பேனாவும்! என்னையும் சேர்த்துக் கவுத்துட்டியேடி பாவி!" என்று கோல் மார்க்கெட்காரி புத்தகத்தால் என் தலையில் ஒன்று போட்டாள். அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நான். லைப்ரரி பையா துரத்துகிற வரைக்கும் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வெளியே வெயிலில் அவள் துப்பட்டாவைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு ஓடினாள். எனக்குப் பொறாமையே இல்லை என்றால் பொய். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தியைப் பக்கத்திலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அது என்னையும் பிடித்துக்கொண்டது.

பிரெட் பக்கோடா தின்னும்போது அவளிடம் சொல்லிவிட்டேன். "அந்தக் கடைசிப் பிரதியை வேணும்னேதான் உனக்குக் கொடுத்தேன்."

"தெரியும்டி" என்றாள். என் பக்கோடாவிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டாள்.

ஜூலையில் ரிசல்ட்டை மார்க்கோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அவள் பயந்துபோய் நம்பரை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டாள். நான் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மழைச் சகதியில் அவர்கள் பிளாக்குக்கு ஓடியபோது, அவள் அப்பா ஆபீசுக்குக் கிளம்பிச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பாஸ்! என்னைவிட பதினோரு மார்க் ஜாஸ்தி!"

"உன்னைவிடவா?" என்றார். நம்பாமல் என்னை மேலும் கீழும் பார்த்தார். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சோப்பு நுரையோடு வாசலுக்கு வந்து நின்றாள். அவர் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"பி.எட். ஃபாரம் எங்கம்மா குடுக்கறாங்க?" என்று என்னைக் கேட்டார். "ஆபீஸ் போற வழின்னா இன்னிக்கே வாங்கிட்டு வந்துடறேன்."

வழியில் இல்லை, நேர் எதிர்ப்பக்கம், ரொம்ப தூரம் என்று சொன்னேன். அவர் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினார்.