ஐந்தாவது தந்தி

என் தங்கச்சி சுதர்சினி பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். இதைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "பாடுவாளா?" என்பதுதான். பாடுவாள், ஆனால் அது வேறு. பேஸ் என்பது தடித்த நான்கு தந்திகள் உள்ள மின்சாரக் கிட்டார், பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று போகிற சத்தம் அதுதான் என்று நான் விளக்கம் சொல்வேன். உண்மையில் அந்தச் சத்தத்தைப் பாட்டிலிருந்து பிரித்துக் கேட்க எனக்கே சரியாக வராது. இருந்தாலும் சொல்லும்போது ஒரு பெருமை.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. நான் ஒன்பது வயது மூத்தவள். இருவரும் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இப்போது கடுகண்ணாவையில் ஒரு கடையறையில் நான் பாடசாலைச் சீருடை தைக்கிறேன், பின்னறையில் குடியிருக்கிறோம். எட்டாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். அவள் ஓஎல் பரீட்சை முடித்து, கண்டியில் ஒரு பாமசியில் வேலை செய்கிறாள். எந்த மருந்து எந்தத் தட்டில் என்று பார்க்காமலே கை நீட்டி எடுப்பாள்.

சனிக்கிழமைகளில் செல்லப்பா அண்ணனின் இசைக்குழுவில் கோரஸ் பாடுவாள். கலியாணம், கோயில் திருவிழா என்று கண்டியைச் சுற்றி அவர்கள் போகாத ஊரில்லை. இரண்டு வருடம் கோரஸ் பாடினாள். அங்கே பேஸ் வாசித்தவர் தேநீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதை எடுத்து மடியில் வைத்து, போனில் பார்த்ததைத் தடவித் தடவிப் பழகியிருக்கிறாள். எனக்கு இது வெகுகாலம் தெரியாது. பெப்ரவரியில் அந்த மனிதர் கத்தாருக்குப் போனார், கிட்டாரையும் கொண்டுபோனார்.

செல்லப்பா அண்ணன் அவளிடம் சொன்னது இதுதான்: "ஒனக்குக் கை வருது, பாத்திருக்கேன். ஆனா எங்கிட்ட பேஸ் இல்ல. ஏப்ரல் பதினெட்டு ஹுன்னஸ்கிரிய திருவிழா. அதுக்கு முந்தின சனிக்கிழம சொந்தக் கிட்டாரோட வந்து வாசிச்சுக் காட்டு. இல்லாட்டிக் கம்பளையில ஒரு பொடியன் இருக்கான், அவனப் போட்டுருவேன்."

கோரஸில் அவளைப்போல இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள். பேஸ் என்றால் அவள் ஒருத்திதான். அதுவும் நாங்கள் பிறந்த தோட்டத்தில், எங்களைத் தெரிந்த சனத்துக்கு முன்னால். அன்று இரவுச் சாப்பாட்டை அவள் பாதியில் வைத்தாள்.

கண்டியில் ஒரு மாடிக் கடைக்குப் போனோம். ரிஸ்மி என்பவர் இருந்தார், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்று சொல்கிறவர். மலிவானதைக் காட்டுங்கள் என்றதும் ஒரு சுவரையே காட்டினார். எல்லாம் ஒரே கம்பனி, ஒரே மலிவு வரிசை, பெரும்பாலும் ஒரே கறுப்பு. பெயரில் ஓர் எண்தான் மாறுகிறது. விலையோ ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே போகிறது. நான் கொப்பியைத் திறந்து கோடு போட்டேன்.

"இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"இதுல ஒரு காந்தம், அதுல ரெண்டு. தந்திக்கு அடியில ஈக்கி பாருங்க. இந்தா இது பெட்டரி போடுறது."

"அப்ப இதுக்குக் கரண்ட் வேணாமா?"

"கரண்டும் வேணும் அக்கா."

எழுதியதை வெட்டினேன். மரம் வேறாம், காந்தம் வேறாம், பெட்டரி உள்ளது சத்தம் கூடவாம், ஆனால் இல்லாததும் மிகவும் நல்லதாம். எது மிக நல்லது என்றால், "அது வாசிக்கிற ஆளப் பொறுத்தது" என்றார். அப்படியானால் ஏன் விலை மட்டும் ஆளைப் பொறுத்ததாக இல்லை என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்குத் தெரிந்தது அளவு. பையிலிருந்து இஞ்சி நாடாவை எடுத்துத் தந்தியின் நீளத்தை அளந்தேன். பெரும்பாலானவை முப்பத்து நான்கு அங்குலம். ஓர் ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் முப்பது.

"கிட்டாருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா அக்கா?"

"தச்சா கொலர் வைக்காம விடமாட்டா," என்றாள் சுதர்சினி.

அவள் அந்த முப்பது அங்குலத்தில் ஒன்றைத்தான் மடியில் வைத்திருந்தாள். ரிஸ்மி ஒலிபெருக்கியில் அதைச் செருகினார். அவள் வாசிக்க, கண்ணாடி அலுமாரி லேசாக அதிர்ந்தது. கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் அவள் மறந்துவிட்டாள்.

"இதுதான் எனக்குச் சரிக்கா. கை எட்டுது."

எனக்கு மனம் ஒப்பவில்லை. அது சின்னப் பிள்ளைகளுக்குச் செய்ததுபோல இருந்தது. சீருடை தைக்க வருகிற தாய்மார் எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான்: "கொஞ்சம் பெருசாவே தைங்க, மூணு வருசம் போடணும்." நானும் மூன்று அங்குலம் உள்ளே மடித்துத்தான் தைப்பேன். பெரிதாக இருக்கிறதென்று இன்றுவரை ஒரு தாயும் குறை சொன்னதில்லை. அந்தச் சுவரில் ஐந்து தந்தி உள்ள ஒன்று தொங்கியது, முப்பத்து நான்கு அங்குலம். கொஞ்சம்தான் விலை கூட. நீளமும் கூட, தந்தியும் ஒன்று கூட. பிறகு வேண்டுமென்றால் எங்கே போவது?

"அஞ்சு தந்திய எடு. பழகப் பழகச் சரியாயிரும்," என்றேன்.

ரிஸ்மி எதையோ சொல்ல வாயெடுத்தார். சுதர்சினி என் கையில் இருந்த கொப்பியைப் பார்த்தாள். இரண்டு பக்கம் நிறைந்திருந்தது.

"சரிக்கா," என்றாள்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறியபோது கண்டக்டர் கிட்டாரைப் பார்த்து, அதற்கும் ஒரு சீட்டு எடுக்கவேண்டும் என்று சிங்களத்தில் பகிடி விட்டார். நான் பெருமையோடு சிரித்தேன்.

அடுத்த இரண்டு வாரம் வேலை விட்டு வந்ததும் பழகினாள். நான் தையல் மெசினில் இருந்தபடியே கேட்பேன். தொடங்குவாள், நிறுத்துவாள், மறுபடி அதே இடத்தில் தொடங்குவாள். பழகுகிறவர்கள் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் இடது மணிக்கட்டில் தைலம் தடவியிருந்தாள். பாமசியில் பெட்டி தூக்கியது என்றாள். நம்பினேன்.

பிறகு ஒரு ஞாயிறு, பின்னறையைக் கூட்டும்போது பார்த்தேன். கிட்டாரில் நான்கு தந்திதான் இருந்தது. மிகத் தடித்த தந்தியைக் கழற்றிச் சுருட்டி, மேசை லாச்சியில் வைத்திருந்தாள்.

"அறுந்துருச்சா?"

"இல்ல. நான்தான் கழட்டினேன்."

"ஏன்டி?"

"நாலு தந்தியில பழகின கை தானா மேல் தந்திக்குப் போகுதுக்கா. அங்க இருக்கவேண்டியது வேற. எடம் மாறிப்போய் எல்லாம் பிழையா வருது."

"சரி, கழட்டிட்டதான? இப்ப மத்த நாலும் சரியா இருக்குமே?"

அவள் கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்தாள். என் இடது கையைப் பிடித்து, தந்தி ஓடுகிற கழுத்துக் கட்டையைச் சுற்றி வளைத்து, விரல்களை ஒவ்வொன்றாக இரும்புக் கோடுகளுக்கிடையில் பதித்தாள். நான்கு விரலையும் விரிக்க முடியவில்லை. அகலமும் நீளமும் சேர்ந்து மணிக்கட்டை முறுக்கியது. ஒரு நிமிடத்தில் வலித்தது. தந்தியைக் கழற்றலாம், கட்டையைச் சின்னதாக்க முடியாது என்று அப்போதுதான் விளங்கியது. எல்லாவற்றையும் அளந்தேன், அவளுடைய கையை மட்டும் அளக்கவில்லை. வளர்கிற பிள்ளைக்குத் தைப்பதுபோல வளர்ந்து முடிந்தவளுக்கு வாங்கியிருக்கிறேன்.

"அங்கயே சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னேனே. அதுதான் சரின்னு சொன்னேன். நீ ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்த. நான் என்னத்தச் சொல்ல?"

அவளுக்குக் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாசித்துக் காட்டும் சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

அடுத்த நாள் தந்தியைத் திரும்ப மாட்டிக் கடைக்குக் கொண்டுபோனோம். பில்லின் அடியில் திறந்த சாமான் திருப்பி எடுக்கப்படாது என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. வாங்கிய அன்றே அதை நான் வாசித்து, மடித்துக் கொப்பிக்குள் வைத்தவள்தான்.

ரிஸ்மி பில்லைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார். "எடுக்க ஏலாதே அக்கா. சாமானுக்குப் பழுதில்லயே."

"பழுது சாமான்ல இல்ல, எங்கிட்ட," என்றேன். "அவ கேட்டது சின்னது. நான்தான் விடல. அவளுக்கு இந்தச் சனிக்கிழம வாசிக்கணும்."

கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்டது. சுதர்சினி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அண்டைக்கே இதச் சொல்ல வாயெடுத்தேன்," என்றார் ரிஸ்மி. "நீங்க அளந்த அளவுல பயந்து போய்ட்டேன்." பிறகு ஒவ்வொரு தந்தியாகத் தட்டிப் பார்த்தார். மாத்தளையில் ஒருவர் ஐந்து தந்தி கேட்டு இரண்டு தரம் போன் எடுத்தாராம், அவருக்கு இதைக் கொடுக்கலாமாம். "ஆனா தங்கச்சி வாசிச்ச அந்தச் சின்னக் கறுப்பு வித்துப்போய்ட்டு. ஷோவுக்குத் தொங்கின இதுதான் மிச்சம் ஈக்கி."

அது இளம் பச்சை நிறம். ஓரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. பெயரில் உள்ள எண்ணும் முந்தினதற்கு வேறு. இது அதே சாமானா, இல்லை வேறொன்றா என்று கேட்டேன். உள்ளே ஒன்றுதான், வெளியே வேறு என்றார். ஒன்றுதான் என்றால் ஏன் எண்ணை மாற்றுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொப்பியை நான் திறக்கவில்லை. சுதர்சினி அதைத் தோளில் மாட்டி, கட்டையை ஒரு தரம் மேலும் கீழும் தடவி, எங்கள் இருவரையும் கேட்காமலே உறைக்குள் வைத்து சிப்பை இழுத்தாள்.

சனிக்கிழமை நானும் போனேன். குழு பழகும் இடம் ஓர் இரும்புக்கடைக்கு மேலே உள்ள அறை. மூன்று பாட்டு வாசித்தார்கள். அவளுடைய சத்தம் எது என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன், கிடைக்கவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் அவளுக்கு இடம் தவறிக் கை நின்றது. உடனே மற்ற எல்லாச் சத்தமும் இருந்தபடியே இருக்க, பாட்டு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. மறுபடி அவள் சேர்ந்ததும் நிலத்தில் இறங்கியது. அவ்வளவு நேரமும் நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

தவறிவிட்டாளே, இனிக் கம்பளைப் பொடியன்தான் என்று நினைத்தேன். செல்லப்பா அண்ணன் அவளைப் பார்க்கவேயில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டே எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "பதினெட்டு பின்னேரம் நாலு மணிக்கு வேன். கோரஸ் முன்னுக்கு. சுதர்சினி, நீ பின்னால சாமானோட ஏறு."

படியிறங்கும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏன்டி ஒன்னப் பின்னுக்குத் தள்ளுறாரு? பிழை விட்டதுக்கா? முன் சீட்டு ஒனக்கில்லையா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, சாமானோட ஏறுறவங்கதான் வாசிக்கிறவங்க."

"அப்ப எடுத்துட்டாரா?"

"எடுத்துட்டாரு."

"அத வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?" என்றேன். அவள் அதற்குள் பச்சைக் கிட்டாரோடு பாதித் தெரு போய்விட்டாள்.