நாலாவது வரிசை

அவரை எல்லோரும் கடப்பாரை என்றுதான் கூப்பிடுவார்கள். இளவயதில் மூச்சடக்கிக் கடலுக்கடியில் போய், சுண்ணாம்புச் சூளைக்காகப் பவளப்பாறையைப் பெயர்த்து ஏற்றியவர். தடை வந்தபின், பவளம் வளர்க்கும் ஆய்வுக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். உடைத்த கையே நட வந்துவிட்டது என்று ஊர் சிரித்தது. அவரும் கூடவே சிரித்து வைத்தார்.

ஆறு வருடமாகப் பவளக் கிளைகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டி நான்கு வரிசை வளர்த்திருந்தார். கிளைகள் வருடத்துக்கு ஒரு சாண்கூட வளரவில்லை. காது இரைச்சலும் மூட்டுவலியும்தான் மளமளவென்று வளர்ந்தன.

இந்தக் கோடையில் கடல் கண்டபடி சூடேறியது. ஆய்வுக்கூடத்து மேடம் வெளியூர் போயிருந்த வாரம் இறங்கிப் பார்த்தால், நான்கு வரிசையும் வெள்ளைவெளேரென்று நின்றன. அவருடைய பழைய தொழிலில் வெள்ளை என்றால் செத்தது, சூளைக்குப் போகவேண்டியது. செத்ததைக் கழித்தால்தானே புதிதாகக் கட்ட முடியும் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். மூன்று வரிசை முடிந்தபோது காதுக்குள் ஊசி குத்தியது. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலேறினார்.

மறுநாள் திரும்பி வந்த மேடம் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வெளுத்தா செத்துடுச்சுன்னு இல்லண்ணா. பட்டினி கிடக்குது, அவ்வளவுதான். தண்ணி சீக்கிரம் குளிர்ந்தா பிழைச்சுக்கும்."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று மனைவி கேட்டால், அசதி என்றார். பொய்யும் இல்லை. நாலாவது வரிசையும் செத்துத் தொலையட்டும் என்றுகூட ஒருநாள் நினைத்தார். அப்படிச் செத்தால் அவர் மேல் தப்பில்லை என்று ஆகிவிடுமே. நினைத்த மறுநிமிடமே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஐந்து வாரத்தில் தண்ணீர் குளிர்ந்தது. அவர் இறங்கிப் பார்த்தபோது நாலாவது வரிசையில் ஏறக்குறைய எல்லாக் கிளைகளிலும் பழுப்பு நிறம் திரும்பியிருந்தது. பக்கத்தில் மூன்று வரிசை வெறும் சட்டங்கள். முங்கும்போது போடும் முகக்கண்ணாடிக்குள் கண் கலங்கினால் துடைக்கவும் வழியில்லை.

அலுவலகத்தில் மேடம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். மூன்று வரிசை அழிந்ததற்குக் காரணம் 'கடல் சூடு' என்று, நல்ல மனதோடுதான், எழுதியிருந்தார். ஈரத் துண்டோடு நின்றபடியே அவர் அதைப் படித்தார்.

"அதை அடிச்சிடுங்க மேடம். நாலாவது வரிசைக்கும் அதே சூடுதானே? என் பேரைப் போடுங்க."

மேடம் பேனாவை எடுத்து, ஆறு வருடத்தில் முதல்முறையாக, அவருடைய நிஜப் பெயர் என்ன என்று கேட்டார்.